மூளை ஆய்வுக்கு எந்த இயங்குதளம்: விண்டோஸா, மேக்கா, லினக்ஸா?

கேள்வி: உளவியலில் முதுகலை முடித்திருக்கிறேன். அடுத்து மூளைப் படிமங்களை வைத்து ஆய்வு செய்யும் ஓர் ஆய்வகத்தில் பிஎச்.டி. சேரப் போகிறேன். கையில் இருப்பது விண்டோஸ் லேப்டாப். அங்கே இருக்கும் சீனியர்கள் எல்லாரும் லினக்ஸ் என்கிறார்கள். ஒருவர் மட்டும் மேக் வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். இயங்குதளம் என்பது அவரவர் வசதிதானே? இதில் இவ்வளவு பேச என்ன இருக்கிறது?

பதில்:

முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். புது மெஷின் எதுவும் வாங்க வேண்டாம். இருக்கிற விண்டோஸ் லேப்டாப்பிலேயே தொடங்கலாம். ஆனால் லினக்ஸ் கற்றுக்கொள்ளுங்கள். எம்ஆர்ஐ படிமங்களோடு வேலை என்றால் அதிலிருந்து தப்ப முடியாது.

"அவரவர் வசதிதானே" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த இடத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. கட்டுரை டைப் செய்யும்போது அது வசதிதான். ஒரு மூளையின் ஹிப்போகாம்பஸ் (நினைவாற்றலுக்கு முக்கியமான பகுதி) எத்தனை கன மில்லிமீட்டர் என்று கணக்கிடும்போது, இயங்குதளம் உங்கள் அளவுகோலின் ஒரு பகுதியாகிவிடுகிறது. இது பயமுறுத்தச் சொல்லும் பேச்சில்லை. அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குரோனன்ஷில்ட் குழுவினர் 2012இல் ஒரு சோதனை செய்தார்கள். 30 பேருடைய எம்ஆர்ஐ படிமங்களை எடுத்துக்கொண்டார்கள். மூளைப் பகுதிகளைப் பிரித்து அளக்கும் ஃப்ரீசர்ஃபர் என்ற மென்பொருளில் அதே படிமங்களைத் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். ஒவ்வொரு முறையும் மாறியது மூன்றே விஷயங்கள்: மென்பொருளின் பதிப்பு, கணினியின் வகை, மேக் இயங்குதளத்தின் பதிப்பு. ஃப்ரீசர்ஃபரின் ஒரு பதிப்புக்கும் இன்னொரு பதிப்புக்கும் இடையே மூளைப் பகுதிகளின் கன அளவு சராசரியாக 8.8% வேறுபட்டது. மூளையின் வெளி அடுக்கான புறணியின் தடிமன் 2.8% வேறுபட்டது. சரி, மென்பொருள் மாறினால் விடை கொஞ்சம் மாறும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அடுத்ததுதான் எனக்கு உறைத்தது. மென்பொருள் பதிப்பைத் தொடாமல் மேக்கிலிருந்து எச்பி வொர்க்ஸ்டேஷனுக்கு மாறியபோதும், மேக்கிலேயே ஓஎஸ் எக்ஸ் 10.5இலிருந்து 10.6க்குப் போனபோதும்கூட வேறுபாடு இருந்தது. பதிப்பு மாறியபோது வந்ததில் ஏறக்குறையப் பாதி.

இந்த எண்கள் பெரிதா சிறிதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஓர் ஒப்பீடு தருகிறேன். அல்சைமர் நோயாளிகளுக்கு ஹிப்போகாம்பஸ் ஆண்டுக்குச் சுமார் 4 முதல் 5% சுருங்குகிறது. நலமாக இருக்கும் முதியவர்களுக்கு 1 முதல் 1.5%. நாம் பிடிக்க நினைக்கும் மீனே இவ்வளவு சின்னது. வலையின் கண் அதைவிடப் பெரிதாக இருந்தால் என்ன பிடிபடும்? ஒருவரின் முதல் ஸ்கேனைப் பழைய கணினியிலும் இரண்டாம் ஸ்கேனைப் புதிய கணினியிலும் ஓட்டினால், அவருடைய மூளை சுருங்கியதா, உங்கள் சர்வர் மாறியதா என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை.

காரணம் என்ன என்பதற்கு 2015இல் தெளிவான விடை கிடைத்தது. த்ரிஸ்தான் கிளாட்டாரும் அவருடைய கூட்டாளிகளும் எஃப்எஸ்எல், ஃப்ரீசர்ஃபர், சிவெட் ஆகிய மூன்று மூளைப் படிம மென்பொருள்களை லினக்ஸின் வெவ்வேறு பதிப்புகளில் ஓட்டினார்கள். கவனியுங்கள், விண்டோஸ் ஒரு பக்கம் மேக் மறுபக்கம் என்ற ஒப்பீடு இல்லை இது. லினக்ஸுக்கும் லினக்ஸுக்கும் இடையே. அதிலேயே விடைகள் ஒத்துப்போகவில்லை. ஒரே மூளையின் உள்பகுதிகளை இரண்டு இயங்குதளங்களில் பிரித்து, இரண்டு விடைகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார்கள். முழுதாகப் பொருந்தினால் 1, துளியும் பொருந்தாவிட்டால் 0 என்று ஓர் அளவு உண்டு. டைஸ் கெழு என்பார்கள். பெரும்பாலான இடங்களில் அது 0.9க்கு மேல் இருந்தது. ஆனால் 0.59 வரை இறங்கிய இடமும் இருந்தது. எஃப்எம்ஆர்ஐ (மூளை இயங்கும்போதே படம் பிடிக்கும் எம்ஆர்ஐ முறை) தரவில் செய்த ஒரு பகுப்பாய்வு, சோதித்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு வேறு வேறு விடை தந்தது. ஸ்கேனின்போது தலை அசைந்ததைச் சரிசெய்யும் முதல் கட்டத்திலேயே அந்தப் பிசகு தொடங்கியிருந்தது.

எங்கிருந்து வருகிறது இது? இந்த மென்பொருள்கள் பல இடங்களில் ஒற்றைத் துல்லிய எண்களைப் பயன்படுத்துகின்றன. அதாவது ஓர் எண்ணில் ஏழு இலக்கம் வரைதான் நம்பலாம். அடுக்குக்குறி, கொசைன் போன்ற சார்புகளை மென்பொருள் தானாகக் கணக்கிடுவதில்லை. இயங்குதளத்தோடு வரும் கணித நூலகத்திடம் கேட்டு வாங்கிக்கொள்கிறது. அந்த நூலகம் பதிப்புக்குப் பதிப்பு மெருகேறுகிறது. கடைசி இலக்கம் ஒன்று கூடும், அல்லது குறையும். இரண்டு விடையும் கணித விதிப்படி தப்பில்லை.

ஏழாவது இலக்கத்தில் வரும் பிசகு எப்படி ஒரு மூளைப் பகுதியின் எல்லையையே நகர்த்தும்? கோலம் போட்டவர்களுக்குப் புரியும். முதல் வரிசையில் ஒரு புள்ளி இம்மி தள்ளி விழுந்தால் அப்போது தெரியாது. பதினைந்து வரிசை தாண்டி, சிக்குக் கோட்டை இழுத்து மூடும் இடத்தில் முனைகள் சேராது. இங்கேயும் அப்படித்தான். ஒரு மூளையை இன்னொன்றின்மேல் பொருத்தும் வேலை, "இன்னும் கொஞ்சம் நகர்த்து, சரியாகிறதா பார்" என்று நூற்றுக்கணக்கான முறை சுற்றுகிறது. எந்தச் சுற்றில் நிறுத்துவது என்பதை அந்தக் கடைசி இலக்கம் தீர்மானிக்கலாம். ஒரு சுற்று முன்பின்னாக நின்றால் அடுத்த கட்டம் வேறு இடத்திலிருந்து தொடங்கும். மண்டையோட்டை நீக்குவது போன்ற குட்டி வேலைகளில் பெரிய வித்தியாசம் வரவில்லை என்றும், வேலை நீள நீளத்தான் பிசகு கூடுகிறது என்றும் அந்த ஆய்வே சொல்கிறது.

என் சொந்தக் கதையும் ஒன்று உண்டு. ஒரு ஆய்வகத்தில் இருந்தபோது நோயாளிகள் ஒரு குழு, நலமானவர்கள் ஒரு குழு என்று தரவு வந்துகொண்டிருந்தது. நோயாளிகளின் ஸ்கேன்தான் முதலில் முடிந்தது. எல்லாவற்றையும் பழைய சர்வரில் ஓட்டினேன். நடுவில் சர்வரில் வட்டு நிரம்பி, புதிய இயங்குதளம் போட்டு மீண்டும் நிறுவினார்கள். நலமானவர்களின் தரவு அதற்குப் பிறகு ஓடியது. முடிவைப் பார்த்தால் புறணித் தடிமனில் அழகான குழு வேறுபாடு. இரண்டு நாள் தரையில் கால் பாவவில்லை. மூன்றாம் நாள் சந்தேகம் வந்து, நோயாளிகளில் பத்துப் பேரைப் புதிய சர்வரில் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அந்த "வேறுபாட்டில்" பாதி அவர்களிடமிருந்தே மறைந்துபோனது. மொத்தத்தையும் முதலிலிருந்து ஓட்ட வேண்டியதாயிற்று. ஆறு வாரம் போனது. தப்பு சர்வரைப் பராமரித்தவர்மேல் இல்லை. எந்தத் தேதியில் எது மாறியது என்று குறித்து வைக்காத என் தப்பு.

சரி, இப்போது உங்கள் சீனியர்கள் ஏன் லினக்ஸ் என்கிறார்கள் என்பதற்கு வருவோம். வெறும் கௌரவப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள் (கொஞ்சம் அதுவும் உண்டு).

மூளை ஆய்வுக்கும் கணினிக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதைவிடப் பழையது. 1962இல் எம்ஐடியின் லிங்கன் ஆய்வுக்கூடத்தில் வெஸ்லி கிளார்க்கும் சார்லஸ் மோல்னரும் லிங்க் என்ற சிறு கணினியைக் கட்டினார்கள். கணினி என்றால் ஓர் அறை நிறைய இயந்திரமும் வாசலில் வரிசையும் என்றிருந்த காலம். ஒரே ஓர் ஆய்வாளர் தன் ஆய்வகத்தில் வைத்துத் தானே இயக்கக்கூடியதாக அதை வடிவமைத்தார்கள். அதே ஆண்டு அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில், ஒரு பூனையின் மூளையிலிருந்து வரும் மின் சைகைகளைப் பதிவு செய்யும்போதே கணக்கிட்டுக் காட்டினார்கள். அந்த இயந்திரத்துக்கு எல்.ஏ.பி.6 என்ற இயங்குதளத்தை எழுதியவர் மேரி ஆலன் வில்க்ஸ். பால்டிமோரில் தன் பெற்றோர் வீட்டில் லிங்க் ஒன்றை இறக்கிவைத்து 1965இல் அங்கிருந்தே வேலை செய்தார். வீட்டில் கணினி வைத்திருந்த முதல் சிலரில் அவர் ஒருவர். அவர் எழுதியது ஓடவேண்டிய நினைவகம் மொத்தமே 2048 சொற்கள், ஒவ்வொன்றும் 12 பிட். உங்கள் ஸ்கேன் ஒன்றின் கோப்புப் பெயர்ப்பட்டியல்கூட இன்று அதில் அடங்குவது சந்தேகம்.

ஆனால் இன்றைய லினக்ஸ் ஆதிக்கம் அங்கிருந்து வரவில்லை. அதன் வேர் 1990களில் இருக்கிறது. எஃப்எம்ஆர்ஐ பிறந்த காலத்தில் முப்பரிமாணப் படிமங்களைத் தாங்கும் வலு சன், சிலிக்கன் கிராஃபிக்ஸ் போன்ற யூனிக்ஸ் வொர்க்ஸ்டேஷன்களுக்குத்தான் இருந்தது (யூனிக்ஸ் மாதிரியில் பிறந்ததுதான் லினக்ஸ்). ராபர்ட் காக்ஸ் 1994இல் விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் ஏஎஃப்என்ஐ என்ற எஃப்எம்ஆர்ஐ மென்பொருளை எழுதியது யூனிக்ஸுக்காக. ஹார்வர்டைச் சேர்ந்த மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வளர்ந்த ஃப்ரீசர்ஃபரும், 2000இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த எஃப்எஸ்எல்லும் அதே வழி. பிறகு, அந்த விலையுயர்ந்த இயந்திரங்களின் வேலையைச் சாதாரண பிசியில் லினக்ஸ் போட்டாலே செய்துவிடலாம் என்று ஆனது. ஆய்வகங்கள் கும்பலாக அங்கே நகர்ந்தன. நிரல்களை மாற்றி எழுத வேண்டிய தேவையே அதிகம் இல்லை. 2001இல் ஆப்பிளும் தன் இயங்குதளத்தை யூனிக்ஸ் அடித்தளத்தில் புதிதாகக் கட்டியது. அதனால்தான் மேக்கும் இந்தத் துறையில் நுழைந்தது. உங்களுக்கு மேக் வாங்கச் சொன்னவர் அந்தத் தலைமுறையாக இருக்கலாம். டெர்மினலும் வேண்டும், பவர்பாயிண்டும் வேண்டும் என்பவர்களுக்கு அது நல்ல ஏற்பாடாக இருந்தது.

அப்புறம் இன்னொரு பிரச்சினை முளைத்தது. ஒவ்வொரு மென்பொருளையும் அந்தந்த ஆய்வகத்தின் தளத்திலிருந்து தேடி எடுத்து, அதற்கு வேண்டிய துணை நூலகங்களைப் பொருத்தி நிறுவுவதற்கே ஒரு வாரம் போகும். இதற்காகவே மிக்கேல் ஹான்கேயும் யாரோஸ்லாவ் ஹால்சென்கோவும் நியூரோடெபியன் என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். டெபியன் லினக்ஸில் ஒரு சாதாரண நிரலை நிறுவுவதுபோல ஒரே கட்டளையில் மூளை ஆய்வு மென்பொருள்களையும் நிறுவ வழி செய்தார்கள். 2011இல் அவர்கள் எழுதிய ஒரு கட்டுரைக்கு வைத்த தலைப்பே "நரம்பியல் ஓடுவது குனு/லினக்ஸில்" என்ற பொருளில் இருந்தது. கொஞ்சம் மார்தட்டல்தான். ஆனால் பொய் இல்லை.

இதையெல்லாம்விட நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. ஃப்ரீசர்ஃபரில் ஒரு மூளையை முழுதாகப் பிரித்தெடுக்க எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் 200 பேரின் ஸ்கேன் இருந்தால் 1600 மணி நேரம். லேப்டாப்பை இரவு பகல் அணைக்காமல் வைத்தால் 67 நாள் ஆகும். ஒரே சமயத்தில் 50 பேரை ஓட்டும் கிளஸ்டர் (ஒன்றாக இணைத்த கணினிக் கூட்டம்) கிடைத்தால் நான்கு சுற்று, 32 மணி நேரம். திங்கட்கிழமை காலை கொடுத்தால் செவ்வாய் மாலை முடிந்துவிடும். அந்தக் கிளஸ்டர்களில் இருப்பது லினக்ஸ். உலகின் முதல் 500 சூப்பர் கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் லினக்ஸ் தவிர வேறு இயங்குதளமே இல்லை. உங்கள் லேப்டாப்பில் என்ன இருந்தாலும் கனமான வேலை கடைசியில் லினக்ஸ் வாசலில்தான் போய் நிற்கும்.

இனி உங்களுக்கு நேரடியாக உதவும் பகுதி. எந்த மென்பொருளில் வேலை செய்யப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். எஃப்எஸ்எல், ஃப்ரீசர்ஃபர், ஏஎஃப்என்ஐ என்றால் லினக்ஸ் அல்லது மேக். விண்டோஸில் இவை நேரடியாக ஓடாது. கார்ல் ஃபிரிஸ்டன் தொடங்கி, லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் வளர்ந்த எஸ்பிஎம் என்றால் கவலை இல்லை. அது மேட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருள்மேல் ஓடுவது, மேட்லேப் எங்கே ஓடுமோ அங்கே ஓடும். ஈஈஜி (தலையில் மின்முனைகள் வைத்து மூளையின் மின் அலைகளைப் பதிவது) பக்கம் போகிறீர்கள் என்றால் இன்னும் எளிது. ஈஈஜிலேப், ஃபீல்ட்ட்ரிப், பிரெயின்ஸ்டார்ம் மூன்றும் மேட்லேப் சார்ந்தவை. எம்என்ஈ பைத்தானில் எழுதப்பட்டது. விண்டோஸிலேயே முழு பிஎச்.டி.யும் முடித்த ஈஈஜி ஆய்வாளர்கள் உண்டு. ஸ்கேனரிலிருந்து வரும் டைகாம் கோப்புகளை நிஃப்டி வடிவத்துக்கு மாற்றும் டிசிஎம்2என்ஐஐஎக்ஸ் மூன்று இயங்குதளங்களிலும் ஓடும்.

ஒரு விஷயத்தை மட்டும் உங்கள் சீனியர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள். பகுப்பாய்வுக்கு லினக்ஸ் என்று மார்தட்டும் அதே ஆய்வகத்தில், பக்கத்து அறைக்குப் போய்ப் பாருங்கள். தரவைப் பதிவு செய்யும் கணினியில் பெரும்பாலும் விண்டோஸ் இருக்கும். ஈஈஜி பதிவுக் கருவிகளின் மென்பொருளும் அவற்றின் டிரைவரும் விண்டோஸுக்கென்றே வருபவை அதிகம். பங்கேற்பாளருக்குப் படமோ ஒலியோ காட்டும் மென்பொருள்களில் ஈ-பிரைம், பிரசன்டேஷன் இரண்டும் விண்டோஸ் மட்டுமே. சைக்கோபை, சைக்டூல்பாக்ஸ் இரண்டும் மூன்றிலும் ஓடும்.

இந்தப் பக்கத்தில் இயங்குதளத்தின் குறும்பு வேறு விதம். இங்கே கேள்வி இலக்கத் துல்லியம் இல்லை, நேரத் துல்லியம். திரையில் முகம் ஒன்று தோன்றிய கணத்தையும் ஈஈஜியில் அந்தக் கணத்துக்கு இட்ட குறியையும் மில்லிவினாடி அளவில் பொருத்த வேண்டும். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிவினாடி. நீங்கள் "காட்டு" என்று சொன்னதும் இயங்குதளம் உடனே காட்டிவிடாது. சன்னல்களை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கித் திரையைத் தயார் செய்யும் ஓர் அடுக்கு நடுவில் இருக்கிறது. அது ஒரு ஃபிரேமைப் பிடித்து வைத்துக்கொண்டால் உங்கள் குறி 16.7 மில்லிவினாடி தள்ளிப்போகும். எல்லா முறையும் அதே அளவு தள்ளினால் கழித்துக்கொள்ளலாம். சில முறை தள்ளி, சில முறை தள்ளாமல் போனால்தான் ஆபத்து. சராசரி எடுக்கும்போது அலை மழுங்கிவிடும். பதிவின் நடுவே ஆன்டிவைரஸ் விழித்துக்கொள்வது, அப்டேட் இறங்குவது எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும்.

2020இல் பிரிட்ஜஸ், பியர்ஸ் குழுவினர் பல மென்பொருள்களையும் இயங்குதளங்களையும் கருவி வைத்து அளந்தார்கள். சைக்டூல்பாக்ஸ், சைக்கோபை, பிரசன்டேஷன், ஈ-பிரைம் நான்கும் சராசரியாக ஒரு மில்லிவினாடிக்கும் குறைவான ஏற்ற இறக்கத்தோடு நின்றன. மேக்கில்தான் பொதுவாகக் கொஞ்சம் பின்தங்கல். சைக்டூல்பாக்ஸை எழுதுபவர்களும் துல்லியம் வேண்டுமென்றால் லினக்ஸ் என்றே சொல்கிறார்கள். ஆக, அழகான திரை இருக்கிறது என்று மேக்புக்கில் சோதனை நடத்தப் போகிறேன் என்று யாராவது சொன்னால், திரையின் மூலையில் ஓர் ஒளி உணரியை ஒட்டி முதலில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். எந்த இயங்குதளமாக இருந்தாலும் இந்த அளவீட்டுக்கு மாற்று இல்லை. ஒரு நாள் வேலை. பலர் அதைச் செய்வதில்லை.

நேரம் இன்னும் கறாராக வேண்டிய இடங்களும் உண்டு. ஒரு நரம்பணுவின் மின்னழுத்தத்தை அளந்து, உடனே கணக்குப் போட்டு, அதற்கேற்ற மின்னோட்டத்தை அதே அணுவுக்குள் திருப்பிச் செலுத்தும் சோதனைகள். இந்தச் சுற்று வினாடிக்குப் பல்லாயிரம் முறை தவறாமல் நடக்க வேண்டும். சாதாரண இயங்குதளம் "இதோ வருகிறேன்" என்று வேறு வேலை பார்க்கப் போய்விடும். அதற்காக ஆர்டிஎக்ஸ்ஐ என்ற அமைப்பு, நிகழ்நேர வேலைக்கென்று மாற்றியமைத்த லினக்ஸ் கருவின்மேல் (கெர்னல்) ஓடுகிறது. நீங்கள் அந்தப் பக்கம் போக வாய்ப்பில்லை என்பதால் இதோடு விடுகிறேன்.

மறுபடி பகுப்பாய்வுக்கு வருவோம். லினக்ஸுக்கும் லினக்ஸுக்குமே விடை ஒத்துப்போகவில்லை என்றால் என்னதான் செய்வது? இப்போது பெரும்பாலோர் பிடித்திருக்கும் வழி கன்டெய்னர். மென்பொருளையும், அதற்குக் கீழே இருக்கும் கணித நூலகம் உட்பட எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டிவிடுவது. அந்தப் பொட்டலத்தை உபுண்டு, ராக்கி லினக்ஸ் என எந்த லினக்ஸ் வகையில் பிரித்தாலும் உள்ளே இருப்பது அதேதான். இந்தப் பொட்டலங்களை ஓட்டச் சொந்தக் கணினியில் டாக்கர், கிளஸ்டரில் ஆப்டெய்னர். (பழைய கட்டுரைகளில் சிங்குலாரிட்டி என்று பார்த்தால் குழம்பாதீர்கள், ஆப்டெய்னரின் பழைய பெயர் அது.) எஃப்எம்ஆர்ஐ தரவைச் சீர்செய்யும் எஃப்எம்ஆர்ஐபிரெப் இப்படித்தான் பரவலானது. அதை நேரடியாக நிறுவ முயல்பவர்கள் இப்போது குறைவு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்திலிருந்து வளர்ந்த நியூரோடெஸ்க் இன்னும் ஒரு படி மேலே போய், முழு லினக்ஸ் மேசையையும் பிரவுசருக்குள்ளேயே திறந்து காட்டுகிறது. பழகிப் பார்க்க அருமையான இடம்.

கன்டெய்னர் வந்ததால் எல்லாம் தீர்ந்தது என்று நினைத்துவிட வேண்டாம். பொட்டலத்துக்குக் கீழே இருக்கும் இயங்குதளக் கருவும் பிராசஸரும் உங்கள் கணினியுடையவைதான். சில கணித நூலகங்கள் எந்த பிராசஸர் என்று பார்த்துவிட்டுக் கணக்குப் போடும் வழியை மாற்றிக்கொள்ளும். 2020 இறுதியிலிருந்து வந்த, ஆப்பிளின் சொந்த பிராசஸர் கொண்ட எம் வரிசை மேக்குகளில் இன்டெல்லுக்காகக் கட்டிய கன்டெய்னர்கள் பாவனை முறையில் ஓடும். மெதுவாகவும் இருக்கும். உங்களை மேக் வாங்க வேண்டாம் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தப் பணத்தில் நல்ல வெளி வட்டு இரண்டு வாங்குங்கள்.

இனி உங்கள் விண்டோஸ் லேப்டாப். அதில் டபிள்யூஎஸ்எல் என்ற வசதி இருக்கிறது. விண்டோஸுக்குள்ளேயே உண்மையான உபுண்டு ஒன்றை ஓட்டலாம். எஃப்எஸ்எல்லை விண்டோஸில் நிறுவ அதை எழுதுபவர்களே காட்டும் வழி இதுதான். இரண்டாம் பதிப்பைப் போடுங்கள். எல்லாரும் தடுக்கி விழும் இடங்கள் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

தரவை விண்டோஸின் சி டிரைவில் வைத்துக்கொண்டு லினக்ஸ் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள். இரண்டு கோப்பு முறைகளுக்கு நடுவே ஒவ்வொரு கோப்பும் எல்லை தாண்ட வேண்டும், ஆமை வேகம்தான். லினக்ஸ் பக்கத்து வீட்டுக் கோப்புறைக்குள்ளேயே நகலெடுத்து வையுங்கள். அப்புறம், டபிள்யூஎஸ்எல் இயல்பாக உங்கள் கணினி நினைவகத்தில் பாதியைத்தான் எடுத்துக்கொள்ளும். 16 ஜிபி இருந்தால் 8. நடுராத்திரி ஃப்ரீசர்ஃபர் காரணம் சொல்லாமல் செத்துக் கிடந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

ஸ்கிரிப்டை நோட்பேடில் எழுதாதீர்கள். விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தைக் கூடுதலாக வைக்கும். லினக்ஸ் அதையும் கட்டளையின் பகுதி என்று நினைத்துக்கொண்டு "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்று சாதிக்கும். கோப்பு கண்முன்னே இருக்கும். நான் இதில் ஒரு முழு மாலையைத் தொலைத்திருக்கிறேன்.

கோப்புப் பெயர்களில் ஆங்கிலச் சிறிய எழுத்தும் பெரிய எழுத்தும் விண்டோஸுக்கும் இயல்புநிலை மேக்குக்கும் ஒன்றுதான். லினக்ஸுக்கு இரண்டும் வேறு. ஒரே ஆளுக்கு ஒரு கோப்புறை சிறிய எழுத்தில் தொடங்கியும் இன்னொன்று பெரிய எழுத்தில் தொடங்கியும் இருந்தால், கிளஸ்டரில் அது இரண்டு ஆள். கிளஸ்டரிலிருந்து லேப்டாப்புக்கு இறக்கும்போது ஒன்றின்மேல் ஒன்று எழுதிவிடும். பெயரிடுவதற்கு பிட்ஸ் என்ற பொது ஒழுங்கு 2016 முதல் இருக்கிறது, முதல் நாளிலிருந்தே அதைப் பின்பற்றுங்கள்.

கோப்புகளை வரிசையாக எடுக்கும்போது இயங்குதளம் தரும் வரிசையை நம்ப வேண்டாம், நீங்களே வரிசைப்படுத்துங்கள். 2019இல் வேதியியலில் இதனால் ஒரு பெரிய சங்கடமே வந்தது. மூலக்கூறுகளின் என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) கணக்குக்காகப் பலர் பயன்படுத்திய ஒரு பைத்தான் நிரல், கோப்புகள் பெயர் வரிசையில் வரும் என்று எடுத்துக்கொண்டிருந்தது. எல்லா இயங்குதளங்களிலும் அப்படி வரவில்லை, விடை மாறியது. ஹவாய் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார்கள். நோயாளிகளின் கோப்புப் பட்டியல் ஒரு வரிசையிலும் அவர்களுடைய வயதுப் பட்டியல் வேறு வரிசையிலும் இருந்தால் நம் துறையில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக, சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு வேலை செய்யுங்கள். நடந்துகொண்டிருக்கும் ஆய்வில் இதுவரை எத்தனை பேர் எந்த இயங்குதளப் பதிப்பில், எந்த மென்பொருள் பதிப்பில் ஓட்டப்பட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். விடை தெளிவாக வந்தால் நீங்களும் அதிலேயே தொடருங்கள், அது எவ்வளவு பழசாக இருந்தாலும். புதிய பதிப்புக்கு மாறியே ஆக வேண்டுமென்றால், எல்லாரையும் முதலிலிருந்து ஓட்ட நேரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாறுங்கள். மாஸ்ட்ரிக்ட் குழுவினரும் அதைத்தான் சொன்னார்கள். பல சர்வர்களில் இருந்த சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் வகைக்கு ஆதரவு 2024 ஜூன் 30உடன் முடிந்துவிட்டது. அதில் தொடங்கிய பல ஆண்டு ஆய்வுகள் இன்னும் எத்தனையோ பாதியில் இருக்கின்றன. உங்கள் ஆய்வகமும் அவற்றில் ஒன்றாக இருந்தால், சர்வரை மாற்றுவதற்கு முன் பழைய அமைப்பை அப்படியே ஒரு கன்டெய்னராகக் கட்டி வைக்கச் சொல்லுங்கள். கேள்வியே காதில் விழாததுபோல எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டால், ஒரு விரிதாளைத் திறந்து முதல் நெடுவரிசையில் தேதி, இரண்டாவதில் இயங்குதளப் பதிப்பு, மூன்றாவதில் மென்பொருள் பதிப்பு என்று தலைப்புப் போட்டுவிடுங்கள். அந்த விரிதாளைத் திறக்க விண்டோஸே போதும்.